லிஸ்ட்மங்க்: வந்துபோகும் வாசகரைத் தங்கவைக்க ஒரு கருவி

மாடித்தோட்டம் பற்றி எழுதும் சிறு தளம் ஒன்றை நடத்துகிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் கூகுளில் எதையோ தேடி வருகிறவர்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, தக்காளியில் பூ உதிர்கிறது, கறிவேப்பிலையில் கறுப்புப் புள்ளி. தேடியது கிடைத்ததும் போய்விடுவார்கள். தளத்தின் பெயர்கூட மனதில் நின்றிருக்காது. அடுத்த தடவை பூச்சி வந்தால் மறுபடியும் கூகுள்தான். அது அன்றைக்கு யாரை மேலே காட்டுகிறதோ அவரிடம் போவார்கள். இவர்களில் நூற்றுக்கு ஓரிருவராவது மின்னஞ்சல் முகவரி கொடுத்து நம்மோடு தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் லிஸ்ட்மங்கை நிறுவினேன். பல மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்த விமர்சனம்.

இந்தக் காலத்தில் மின்னஞ்சல் எதற்கு, வாட்ஸ்அப் சேனல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சேனல் நல்ல வசதிதான். ஆனால் சேனலைப் பின்தொடர்பவர்களின் கைப்பேசி எண் நடத்துகிறவருக்குத் தெரியாது. நாளை அந்த வசதி மாறினாலோ நின்றுபோனாலோ வாசகர்களைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வழியில்லை. தமிழில் எழுதியவர்கள் பலர் இதை ஏற்கெனவே பட்டு அறிந்தவர்கள். பிளாக்கரில் ‘மின்னஞ்சலில் பெற’ என்று ஒரு பெட்டி வைத்தால், புதுப் பதிவை வாசகருக்கு கூகுளின் ஃபீட்பர்னரே அனுப்பிவைக்கும். 2021 ஜூலையில் கூகுள் அந்த மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. முகவரிகளை இறக்கி வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் பட்டியல் மிஞ்சியது.

லிஸ்ட்மங்க் அந்தப் பட்டியலை நம்முடைய சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் திறமூல மென்பொருள். ஜெரோதா பங்குத் தரகு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதி 2019இல் வெளியிட்டது. ‘ஓளம்’ என்ற மலையாள இணைய அகராதியைத் தந்தவரும் இவர்தான். கோ மொழியில் எழுதப்பட்டு, ஒரே கோப்பாக வருகிறது. கூடவே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களை ஒரே சுற்றில் அனுப்பியபோது அதிகபட்சமாக 57 எம்பி நினைவகம்தான் பிடித்தது என்று அதன் தளத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். நம் பட்டியல் சில ஆயிரத்தைத் தாண்டாது. ஆனாலும் இந்தச் சிக்கனத்தால் நமக்கும் லாபம் உண்டு: இருப்பதிலேயே மலிவான 1 ஜிபி சர்வரில் இது தாராளமாக ஓடும்.

நிறுவுவது கடினமில்லை, ஆனால் டெர்மினல் பழக்கம் வேண்டும். கோப்பை இறக்கி, அமைப்புக் கோப்பை உருவாக்கி, தரவுத்தள விவரங்களை நிரப்பி, நிறுவும் கட்டளையைக் கொடுத்தால் 9000ஆம் போர்ட்டில் நிர்வாகப் பக்கம் திறக்கும். டாக்கர் தெரிந்தவர்களுக்கு அந்த வழியும் உண்டு. உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது செட்டிங்ஸில் இருக்கும் ரூட் யுஆர்எல். நிறுவியவுடன் அதில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றுதான் இருக்கும். அதை மாற்றாமல் அனுப்பினால், கடிதத்தில் உள்ள ‘உறுதிப்படுத்துக’ இணைப்பை வாசகர் தட்டும்போது அது எங்கேயும் போகாது. கடிதத்தில் லிஸ்ட்மங்க் தானே உருவாக்கும் மற்ற இணைப்புகளும் இந்த ஒரு வரியை நம்பித்தான் இருக்கின்றன.

இனி முக்கியமான விஷயம், படிவம். ‘ஃபார்ம்ஸ்’ பக்கத்தில் நம் பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் வெறும் எச்டிஎம்எல் நிரல் ஒன்றைத் தரும். பட்டியலை ‘பப்ளிக்’ என்று குறித்திருந்தால்தான் அது இங்கே தெரியும். அந்த நிரலை எடுத்து எந்தத் தளத்திலும் ஒட்டலாம். அதில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியும் உண்டு. முகவரிகளைக் கொட்டித் திரியும் தானியங்கி நிரல்கள் கண்ணில் பட்ட பெட்டியை எல்லாம் நிரப்பும். அந்த மறைவுப் பெட்டி நிரம்பி வந்தால் லிஸ்ட்மங்க் பதிவை ஏற்காது. இன்னும் கட்டுக்காவல் வேண்டுமென்றால் கேப்ட்சா வைத்துக்கொள்ளலாம்.

திரையை மறைத்துக் குதிக்கும் பாப்அப் இதில் கிடையாது. வெளிநாட்டுச் சேவைகள் பலவும் அதைத்தான் முதல் அஸ்திரமாக விற்கின்றன. லிஸ்ட்மங்கில் இல்லாதது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. கைப்பேசியில் கட்டுரையை மூடி மறைக்கும் பாப்அப் வைத்த பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளக்கூடும் என்று அறிவித்து, 2017 ஜனவரியிலிருந்து கூகுள் அதை நடைமுறைப்படுத்தியது. தேடலை நம்பி வாழும் தளம் தன் கையாலேயே தன் வாசலை அடைக்கக் கூடாது. அதோடு, மாவுப்பூச்சிக்கு மருந்து தேடிப் பதற்றத்தோடு வந்தவரிடம் ஒரு வரிகூடப் படிக்க விடாமல் முகவரி கேட்பது முறையே இல்லை.

படிவத்தைக் கட்டுரையின் முடிவில் வையுங்கள் என்பதுதான் என் அனுபவம். அங்கே வரை வந்தவர் முழுதாகப் படித்தவர். பலன் கிடைத்த நிறைவோடு இருப்பவர். ஆனால் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே படிவம் உதவாது. ‘எங்கள் செய்திமடலில் இணையுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெண்டை வளர்ப்புக் கட்டுரையின் கீழே ‘ஆடிப்பட்டத்தில் என்னென்ன விதைக்கலாம், எந்தத் தொட்டிக்கு எது பொருந்தும், மாதம் ஒரு கடிதம்’ என்று போட்டேன். கத்தரி, அவரை, புடலை, பாகல் எல்லாம் அடங்கிய ஒரு பக்க விதைப்புப் பட்டியலையும் முதல் கடிதத்தோடு தருவதாகச் சொன்னேன். முகவரி தருபவர்கள் கண்கூடாகப் பெருகினார்கள். என்ன கிடைக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்ற இரண்டும் படிவத்திலேயே இருக்க வேண்டும். கேட்டது ஒன்று, அனுப்புவது இன்னொன்று என்றால் அடுத்த கடிதத்திலேயே விலகிவிடுவார்கள்.

பட்டியலை ‘டபுள் ஆப்ட்-இன்’ ஆக வைப்பதா, ‘சிங்கிள்’ போதுமா? முன்னதில், முகவரி கொடுத்தவருக்கு ஒரு கடிதம் போகும். அதிலுள்ள இணைப்பை அவர் தட்டிய பிறகுதான் பட்டியலில் உறுதியாவார். இதில் ஒரு பகுதியினர் நழுவிப்போவது உண்மை. ஜிமெயிலை ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழையும் சாவியாக மட்டும் வைத்திருக்கிறவர்கள் நம்மில் ஏராளம். கடிதப் பெட்டியைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். இருந்தாலும் டபுள்தான் சரி என்பேன். ஜிமெயிலின் எழுத்துகளை இடம் மாற்றித் தட்டிவிடுபவர்கள் அநேகம். அத்தகைய முகவரிகள் சேரச் சேர, திரும்பி வரும் கடிதங்கள் பெருகும். நம் டொமைனின் பெயர் கெடும். கடைசியில் ஆர்வத்தோடு காத்திருப்பவரின் கடிதமும் ஸ்பேமுக்குப் போகும். அதைவிடச் சிறிய பட்டியல் மேல்.

நழுவுவதைக் குறைக்க வழி இருக்கிறது. உறுதிப்படுத்தும் கடிதத்தையும் அதற்கு முந்தைய பக்கத்தையும் லிஸ்ட்மங்கில் நம் இஷ்டப்படி மாற்றி எழுதலாம். வார்ப்புருக்கள் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தி, மென்பொருளைத் தொடங்கும்போது அந்தக் கோப்புறையைச் சுட்டினால் போதும். தலைப்பு வரி போன்ற சிறு வாசகங்கள் மொழிக் கோப்பில் இருக்கின்றன. அதையும் அதே போலத் திருத்தலாம். ‘இப்போது உங்கள் ஜிமெயிலைத் திறந்து பாருங்கள், மாடித்தோட்டம் என்ற பெயரில் ஒரு கடிதம் வந்திருக்கும். இன்பாக்ஸில் இல்லையென்றால் ப்ரமோஷன்ஸிலும் ஸ்பேமிலும் பாருங்கள்’ என்று பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் எழுதி வைத்த பிறகு உறுதிப்படுத்துவோர் கூடினார்கள்.

தமிழில் அனுப்புவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. வாசகரை முதற்பெயர் சொல்லி அழைக்க லிஸ்ட்மங்கில் வசதி உண்டு. பெயரை இடைவெளியில் பிரித்து, இரண்டுக்கு மேல் நீளமுள்ள முதல் துண்டை அது எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஆர்.’ என்ற ஓரெழுத்து இனிஷியலும் புள்ளியும் சேர்ந்தால் இரண்டுதான். அதைத் தாண்டி கண்ணன் என்பதைச் சரியாகப் பிடித்துவிடும். ஆனால் நீளத்தை அது பைட்டில் எண்ணுகிறது. யூனிகோடில் தமிழ் ‘ர’ மட்டுமே 3 பைட். ஆகவே ‘ர. கண்ணன்’ என்று தமிழில் பதிந்தவருக்கு ‘அன்புள்ள ர.’ என்று கடிதம் போகும். பெயரே கேட்காமல் விட்டால், முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பதைப் பெயராக எழுதிக்கொள்ளும். அதைக் கடிதத்தில் போட்டால் இன்னும் அபத்தம். பெயரைக் கேட்கவும் வேண்டாம், கடிதத்தில் போடவும் வேண்டாம் என்பது என் முடிவு. பெட்டி ஒன்று குறைந்தால் நிரப்புகிறவர்களும் கூடுவார்கள்.

இதே பைட் கணக்கு இன்னோர் இடத்திலும் இடிக்கும். கடிதம் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிட்டு, முழுதும் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் காட்டும். ‘மாவுப்பூச்சி’ என்ற ஒரு சொல்லுக்கே 36 பைட் ஆகிறது. மூவாயிரம் சொல்லைத் தாண்டிய கட்டுரையை வார்ப்புருவோடு அப்படியே அனுப்பினால் வரம்பை நெருங்கிவிடும். வெட்டுப்படும் பகுதியில்தான் ‘விலக’ என்ற இணைப்பு இருக்கும். அது கண்ணில் படாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். கடிதத்தைச் சுருக்கமாக எழுதி, நீண்ட கட்டுரைக்கு இணைப்பு கொடுங்கள்.

லிஸ்ட்மங்க் தானாகக் கடிதம் அனுப்பாது. கடிதத்தைக் கொண்டுசேர்க்க எஸ்எம்டிபி சேவை ஒன்று வேண்டும். நான் அமேசான் எஸ்இஎஸ் வைத்திருக்கிறேன். ஆயிரம் கடிதத்துக்கு 10 சென்ட். ஆயிரம் பேருக்கு வாரம் ஒன்று அனுப்பினால் மாதத்துக்கு 40 சென்ட். ஐம்பது ரூபாய்கூட ஆகாது. சர்வருக்குச் சில நூறு ரூபாய் தனி. புதுக் கணக்கு முதலில் சோதனை நிலையில்தான் இருக்கும்: நாளுக்கு 200 கடிதம், அதுவும் நாம் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். யாருக்கு, எப்படி ஒப்புதல் பெற்று அனுப்புகிறோம் என்று எழுதி விண்ணப்பித்தால்தான் முழு அனுமதி கிடைக்கும். திரும்பி வரும் கடிதங்கள் 5 சதவீதத்தை எட்டினால் கணக்கைப் பரிசீலனையில் வைப்பார்கள். எஸ்இஎஸ் தரும் அந்தத் தகவலை லிஸ்ட்மங்க் வாங்கிக்கொண்டு, செத்த முகவரிகளைத் தானே தடைப்பட்டியலில் போடும். இந்த இணைப்பை முதல் நாளே செய்து வையுங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு, அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். ஒரே தட்டில் விலகும் வசதியும் வேண்டும். நாம் அந்த அளவுக்கு அனுப்பாவிட்டாலும் மூன்றையும் டிஎன்எஸ்ஸில் போட்டுவிடுவது நல்லது. விலகும் வசதி லிஸ்ட்மங்கிலேயே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் இந்தியத் தனிநபர் தரவுச் சட்டமும் இதையே சொல்கிறது: ஒப்புதல் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய தரவை வாசகரே இறக்கிக்கொள்ளவும் முழுவதுமாக அழிக்கவும் லிஸ்ட்மங்கில் வழி செய்யலாம். அவற்றைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

‘இத்தனை பேர் திறந்தார்கள்’ என்று அது காட்டும் எண்ணை நம்பி மகிழ வேண்டாம். 2021இல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயில் செயலியின் தனியுரிமைப் பாதுகாப்பு வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. இணைப்பைத் தட்டியவர்களையும் பதில் எழுதியவர்களையும் கணக்கில் எடுங்கள்.

பெரிய குறை ஒன்றே ஒன்று. பதிந்த நாளிலிருந்து எண்ணி, வரிசையாகக் கடிதங்களைத் தானே அனுப்பும் ஏற்பாடு இதில் இல்லை. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை ஒருமுறை தெளித்தால் போதாது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும். அந்த நினைவூட்டலைவிட நல்ல இரண்டாவது கடிதம் உண்டா? ஏபிஐ வழியே தனி நிரல் எழுதிச் செய்யலாம்தான். ஆனால் நிரல் தெரியாத எழுத்தாளருக்கு அது எட்டாது. முதல் கடிதத்திலேயே விதைப்புப் பட்டியலை இணைத்துத் தர முடிகிறதே தவிர, அதற்கு மேல் கையால்தான் அனுப்ப வேண்டும். கட்டணச் சந்தா வாங்கும் வசதியும் கிடையாது. நான்காம் பதிப்பில் பல பயனர் வசதியும், ஐந்தாம் பதிப்பில் இழுத்து வைத்துக் கடிதம் அமைக்கும் வசதியும் வந்தன. இந்த வரிசைக் கடிதமும் வந்துவிட்டால் சிறு பதிப்பாளர் வேறு எதையும் தேட வேண்டியிருக்காது.

சர்வர் பார்த்துக்கொள்ள ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் லிஸ்ட்மங்கை நிறுவுங்கள். தமிழில் எழுதும் சிறு தளங்களுக்கு இந்தச் செலவில் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. அப்படி யாரும் இல்லையென்றால், சப்ஸ்டாக் போல எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் சேவையில் தொடங்குங்கள். இலவசக் கடிதத்துக்குக் கட்டணம் இல்லை, சந்தா வாங்கினால்தான் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். எதில் தொடங்கினாலும் மாதம் ஒருமுறை பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி உங்கள் கணினியில் பத்திரமாக வையுங்கள்.