குறுக்குக் குழாயும் பெண்ணுருவும்

பாரோயிலுள்ள மிதிவண்டிக் கடைகளில் 'லேடீஸ் சைக்கிள்' கேட்டால், இளஞ்சிவப்பு நிறமும் முன்கூடையும் உள்ள வண்டியே பெரும்பாலும் முதலில் காட்டப்படும். விளம்பரத் தாள்களிலோ ஆண் மேடேறுகிறான். பெண் வண்டியருகே நின்று புன்னகைக்கிறாள். இதனை வெறும் நிறத்தேர்வாகக் கொள்வதற்கில்லை.

இவ்வகை வண்டியின் அடையாளம் தாழ்ந்த குறுக்குக் குழாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டுப் பெண்டிரின் நீள்பாவாடைக்கு இடந்தர அமைந்த வடிவம் அது. சேலைக்கும் பொருந்திற்று என்பது உண்மையே. எனினும், அங்கு கருதப்பட்டது உடை, உழைப்பன்று.

புதுக்கோட்டையில் நிகழ்ந்தது வேறு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், ஏறத்தாழ ஓர் இலட்சம் ஊரகப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்கள் வண்டியையும் ஓட்டினர். அதையே விரும்பியோரும் உண்டு எனப் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார், குறுக்குக் குழாயில் குழந்தையை உட்காரவைக்கலாமன்றோ! வடிவமைப்பாளர் இடையூறெனத் தாழ்த்திய உறுப்பு தாய்க்கு இருக்கையாயிற்று. வியப்பென்னவெனில், விளம்பரக்கலை இப்பயனாளியை இன்னும் அறிந்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டு ஊடகமும் பிந்தியே அசைந்தது. டூர் டி பிரான்ஸ் பரிசுமேடையில் வெற்றியாளரின் இருமருங்கும் பெண்களையே நிறுத்தும் வழக்கம் 2020இல்தான் மாறியது; ஒருபுறம் ஆண், மறுபுறம் பெண். மலேசியாவின் பாத்தேஹா முஸ்தப்பாவோ 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலேயே தடகள மிதிவண்டிப் போட்டியில் ஓட்டிவிட்டார்.

புதுக்கோட்டைப் பெண்களை 'விடுதலை' எனும் ஒரு சொல்லில் அடக்கும் நம் வகுப்பறை விளக்கங்களும் இக்குறைக்கு விலக்கல்ல. அவ்வண்டிகளில் தண்ணீர்க் குடமும் விளைபொருளும் ஏறின.