நம்மவர் என்று யாரைச் சொல்வது?

திருநாவலூர் என்றதும் சுந்தரர்தான் நினைவுக்கு வருவார். அவரை எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையரும் அறுபத்துமூவரில் ஒருவர். பெரியபுராணத்தில் அவருடைய கதை சில செய்யுள்களிலேயே முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில செய்யுள்களைத்தான் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

திருவாதிரை தோறும் முனையரையர் சிவனை வழிபட்டு, வரும் அடியார்களுக்கு உணவிட்டு, ஆளுக்கு நூறு பொன்னுக்குக் குறையாமல் கொடுப்பார். ஒரு திருவாதிரை நாளில் நீறு பூசிய ஒருவன் வந்து நிற்கிறான். நாணம் அழிந்த நிலை. காமக்குறி வெளிப்படத் தெரியும் உடம்பு. பக்கத்தில் இருந்தவர்கள் இகழ்ந்து ஒதுங்குகிறார்கள். முனையரையர் மட்டும் கைகூப்பி எதிர்கொண்டு, மற்றவர்களுக்குக் கொடுத்ததைப்போல் இரட்டிப்பாகப் பொன் கொடுத்து அனுப்புகிறார். ஒழுக்கம் இல்லாதவரே ஆனாலும் திருநீறு அணிந்தவரை இகழ்ந்தால் நரகம், அந்த நரகத்தில் உலகம் விழுந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை.

மேடைகளில் இதைச் சொல்கிறவர்கள் "தோற்றத்தைப் பார்த்து யாரையும் எடைபோடாதே" என்று பாடம் எடுக்கிறார்கள். கதை அதைச் சொல்லவில்லை என்பது என் வாசிப்பு. முனையரையரும் தோற்றத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார். ஒதுங்கியவர்கள் உடம்பைப் பார்த்தார்கள், அவர் நீற்றைப் பார்த்தார். அந்த மனிதன் எதற்கு வந்தான், எப்படிப்பட்டவன் என்று இருவரும் கேட்கவில்லை. நெற்றியில் நீறு இல்லாமல் அதே உடம்போடு ஒருவன் வந்திருந்தால் அவனுக்கு எத்தனை பொன் கிடைத்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு. அந்த நிலையில் ஓர் ஆண் வந்து நின்றால் ஒதுங்குவது அகம்பாவம் என்று புராணம் எழுதிவிடுகிறது. நிறைந்த பேருந்திலோ ஆளில்லாத சந்திலோ அப்படி ஒருவன் எதிரே வந்து நின்ற பெண்கள் நம்மில் எத்தனை பேர்? அவர்கள் ஒதுங்கியது தன்னைக் காத்துக்கொள்ள. முனையரையருக்கு ஆள் இருக்கிறது, அரண்மனை இருக்கிறது. தவறாக எடைபோட்டால் அவர் இழப்பது இருநூறு பொன்தான்.

எல்லாக் கதைகளிலும் அரசர்கள் இப்படித் தப்பிவிடுவதில்லை. இன்று திருநாவலூரும் திருக்கோவிலூரும் ஒரே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. பழைய திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரிடம், போரில் தோற்ற பகைவன் முத்தநாதன், நீறு பூசி, சடைமுடி தரித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு இரவில் வருகிறான். வாயிலில் நின்ற தத்தன், அரசர் தூங்குகிறார், நேரம் பார்த்து வாருங்கள் என்று தடுத்துப் பார்க்கிறான். வந்தவன் கேட்கவில்லை. உள்ளே விழித்துக்கொண்ட அரசிதான் கணவனை எழுப்புகிறாள். வந்தவன் யாருக்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று சொல்ல வேண்டும், அரசி இங்கே இருக்கக் கூடாது என்கிறான். அரசர் அவளை அனுப்பிவிடுகிறார். பிறகுதான் கத்தி வெளியே வருகிறது.

அந்த அறையில் இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்தன. அவற்றை வெளியே அனுப்பியதும் பக்தியின் பகுதியாகவே கதையில் வருகிறது. அரசி என்ன நினைத்தாள் என்று சேக்கிழார் எழுதவில்லை. பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதில் இந்தப் புராணம் பல இடங்களில் அவசரமாகவே நடக்கிறது. திருநாவலூரிலேயே வாழ்ந்த, தானும் நாயன்மார் வரிசையில் உள்ள, சுந்தரரின் தாய் இசைஞானியாருக்கு ஒரே ஒரு செய்யுள். புத்தூரில் சுந்தரருக்கு மணமகளாக அமர்ந்திருந்த பெண்ணுக்குப் பெயரே இல்லை, சடங்கவி சிவாசாரியாரின் மகள் அவ்வளவுதான். ஓலையோடு வந்த கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். அந்த ஏச்சே பின்னால் முதல் பதிகத்தின் முதல் சொல்லாகி அவருக்குப் பெருமை சேர்த்தது. திருமணம் நின்றுபோன பெண், அவரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்பதோடு சரி.

மெய்ப்பொருளாரின் கதையில் என்னை உறுத்துவது அதன் முடிவு. குத்துப்பட்ட அரசர், வாளை ஓங்கிய தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர் என்கிறார். செய்தி கேட்டு ஊர் திரண்டு சூழ்ந்துகொள்கிறது. கொலைகாரனைத் தத்தன் பத்திரமாக எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுகிறான். வேடம் ஒரு கொலைகாரனைக் கூட்டத்தின் கையிலிருந்து காப்பாற்றுகிறது.

வேடம் இல்லாத அப்பாவிக்கு என்ன நடக்கும்? 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூரில் நடந்தது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நாட்கள். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினர்களோடு காரில் வந்த 65 வயதுப் பெண், வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடியது. அடித்தே கொன்றார்கள். கூட இருந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். வந்தவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள். தெரியாத குழந்தைக்குத் தின்பண்டம் கொடுப்பது நம் வீட்டுப் பாட்டிகள் எல்லோரும் செய்வது. அன்று அதுவே குற்றத்தின் அடையாளமாகிவிட்டது. நம்மவர் என்று சொல்லி எல்லைவரை கொண்டுபோய் விட ஒரு தத்தன் இல்லை.

வதந்தியைப் பரப்பிய கைபேசியைக் குறை சொல்வது எளிது. கைபேசிக்கு முன்பே இந்தப் பார்வை ஊரில் இருந்தது. திருநாவலூர்க் கோயிலுக்குத் தனியாகப் போன ஒரு நாள், பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து என்னிடம் கேட்கப்பட்டவை: எந்த ஊரும்மா, யார் வீடு, கூட யாரும் வரலையா, வீட்டுக்காரர் என்ன பண்றார்? கேட்ட பூக்கார அம்மா அன்பாகத்தான் கேட்டார், பூவும் கொஞ்சம் கூடவே வைத்துக் கொடுத்தார். ஆனால் கேட்கும்போது அவர் கண் என் கழுத்தில் இருந்தது. முனையரையர் நெற்றியில் தேடியதை ஊர் எங்கள் கழுத்தில் தேடுகிறது. தாலி, பூ, பொட்டு, சேலை கட்டிய விதம் என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் என்ன சாதி என்பதில் வந்து நிற்கும். பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வரும் தலித் பெண்ணுக்கு இந்தக் கேள்விகள் அன்பாக வருவதில்லை.

அறுபத்துமூவரில் தன் தோற்றத்தைத் தானே கழற்றி எறிந்தவர் காரைக்கால் அம்மையார். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்குகிறார். வழியில் கண்டவர்கள் அஞ்சி ஓடுகிறார்கள். இறைவன் என்னை அறிந்தால் போதும், மற்றவர் கண்ணுக்கு நான் எந்த உருவமாய் இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டு நடக்கிறார். கயிலையில் உமையே வியந்து, யார் இது என்று கேட்கிறாள். நம்மைப் பேணும் அம்மை என்கிறார் சிவன். முத்தநாதனுக்குக் கொஞ்சம் நீறும் சடைமுடியும் போதுமாயிருந்தன. அம்மையாரை நம்மவர் என்று சொல்லக் கயிலைவரை, அதுவும் தலையால் நடந்து போக வேண்டியிருந்தது.