வயதும் வேடமும்: ஸ்ரீவித்யாவின் திரைவாழ்வை முன்வைத்து

முன்னுரை

தமிழ்த் திரைத் திறனாய்வில் நடிகையரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்புகளாகவோ இரங்கலுரைகளாகவோ அமைந்துவிடுகின்றன. ஸ்ரீவித்யா (1953–2006) பற்றிய பேச்சும் அவரது மணமுறிவையும் நோயையும் சுற்றியே சுழல்கிறது. இசைக்கலைஞர் எம்.எல். வசந்தகுமாரியின் மகளான இவர் 'திருவருட்செல்வர்' (1967) வழியே திரைக்கு வந்து, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நடித்தார். இவரது வேடங்களைக் காலவரிசையில் வைத்து நோக்கினால், பெண்ணின் வயதைத் தமிழ்த் திரைப்படம் எவ்வாறு கையாண்டது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுப்பப்பட்ட புதிர்

கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் இளைஞன் ஒருவன் தன்னினும் மூத்த பாடகியை விரும்புகிறான். பாடகியின் மகளோ அவனுடைய தந்தையை விரும்புகிறாள். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்கும் உறவுமுறைப் புதிரே இப்படத்தின் அச்சு. பாடகி பைரவியாக நடித்தபோது ஸ்ரீவித்யாவின் வயது 22. மகளாக நடித்த ஜெயசுதா அவரைவிட ஐந்து வயதே இளையவர். காதலனாக நடித்த கமல்ஹாசன் ஓராண்டுக்குச் சற்று மேல் இளையவர். கதை கூறும் வயது இடைவெளி நடிகர்களிடையே இல்லை. நடிப்பே அதனைப் படைக்க வேண்டியிருந்தது. ஸ்ரீவித்யா அதனை நிதானமான பேச்சாலும் சலனமற்ற பார்வையாலும் படைத்தார். இறுதியில் தாய் மகளிடமும் மகன் தந்தையிடமும் திரும்புகின்றனர். புதிர் விடுபடவில்லை; ஒத்திவைக்கப்பட்டது.

திரையுலகம் அளித்த விடை

ஒத்திவைக்கப்பட்ட விடையைப் பின்வந்த படங்கள் அளித்தன. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் அதே கமல்ஹாசனின் இரு வேடங்களுக்கு ஸ்ரீவித்யா தாயானார். 'அபூர்வ ராகங்க'ளில் அவருடைய கணவனாக அறிமுகமான ரஜினிகாந்துக்குத் 'தளபதி'யில் (1991) தாயானார். ரஜினிகாந்த் அவரைவிட இரண்டரை ஆண்டு மூத்தவர் என்பது இங்கு எண்ணத்தக்கது. உடன் நடித்த ஆடவர் நாயகராகவே நிலைக்க, பெண் மட்டும் ஒரு தலைமுறை மேலே ஏற்றப்பட்டார். ஆயினும் 'தளபதி'யின் தாயை அவர் வழக்கமான தியாகத் தாயாக்கவில்லை. தொடர்வண்டியின் ஒலி கேட்கையில் உறைந்துபோகும் அம்முகத்தில், கைவிட்ட குழந்தையின் நினைவோடு கைவிட்டவளின் குற்றவுணர்வும் தெரிகிறது.

மலையாளம் திறந்த வழி

அதே காலத்தில் மலையாளத் திரை அவரை வேறாகக் கண்டது. கே.ஜி. ஜார்ஜின் 'ஆதாமின்றெ வாரியெல்லு' (1984) படத்தில், கணவனின் தொழில் வளர்ச்சிக்குக் கருவியாக்கப்படும் ஆலிஸாக நடித்தார். மோகன் இயக்கிய 'ரசனா'வில் (1983), எழுத்தாளனான கணவனின் படைப்புக்காக உடன் பணிபுரியும் ஒருவனிடம் அன்பு நடிக்கும் மனைவியாக வந்தார். நடிப்புக்குள் நடிப்பைக் கோரும் வேடம் அது. எம். முகுந்தனின் நாவலை ஒட்டி லெனின் ராஜேந்திரன் இயக்கிய 'தெய்வத்தின்றெ விக்ருதிகள்' (1992) அவரை மாகியின் சிதைவுக் காலத்தில் நிறுத்தியது. பின்னிரு படங்களும் அவருக்குக் கேரள அரசின் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றுத் தந்தன. இப்பெண்களுக்கு வயது உண்டு. அதனாலேயே விருப்பமும் கசப்பும் இல்லாதொழிவதில்லை. மலையாளத்திலும் தாய் வேடங்கள் அவருக்குக் குறையவில்லை. எனினும் அவை மட்டுமே வாய்த்த நிலை அங்கு இல்லை. பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்களிலும் அவர் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார்.

முடிவுரை

ஸ்ரீவித்யா 2006 அக்டோபர் 19 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவரது வாழ்வைத் துயரக் கதையாக மட்டும் வாசிப்பது, திரையுலகின் தேர்வுகளை அவருடைய தலைவிதியாக மாற்றிவிடுகிறது. ஒரே நடிகை, ஒரே காலம், இரு மொழிகள் என்னும் ஒப்பீடு அத்தேர்வுகளை வெளிப்படுத்துகிறது. வேதாளத்தின் புதிரை எழுப்பும் துணிவு தமிழ்த் திரைக்கு இருந்தது. அப்புதிரைச் சுமந்த பெண்ணுக்கு அடுத்த வேடத்தைப் படைக்கும் துணிவு போதவில்லை.