கண்ணீரை அளந்த கோல்

மலை சரிந்து மழலையரை மூடியது! மலையென்றா சொன்னோம்? அன்று, அன்று, இயற்கை எழுப்பிய மலையன்று அது, மனிதன் குவித்த மேடு. நிலத்தைக் குடைந்தார்கள், கரியை எடுத்தார்கள், கழிவைக் கொண்டுபோய் ஊற்று நீர் கசியும் சரிவிலே கொட்டினார்கள். சரிவின் அடியிலே பள்ளிக்கூடம்! 1966ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகால் மணியளவில், வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்னும் சிற்றூரில், அந்த மேடு சேறாய்ப் பெருகி வந்து பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியைப் புதைத்தது. மாண்டவர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள்.

கேட்டுக்குக் காரணம் யார்? 76 நாள் அமர்ந்து ஆய்ந்த விசாரணை மன்றம், 1967 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. பழி தேசிய நிலக்கரி வாரியத்தையே சாரும் என்று உரைத்தது. வாரியமோ அரசுடைமை. ஆயினும் ஒருவர் மீதும் வழக்கில்லை. ஒருவர் பதவியும் பறிபோகவில்லை. அந்த அநீதியைப் பலர் எழுதிவிட்டனர். நாம் இங்கே திறனாயப் புகுவது அதற்கடுத்த ஏட்டை. பிள்ளையைப் பறிகொடுத்தவரின் துயரத்தை, பொதுப்பணத்தை ஆள்வோர் எந்தக் கோல்கொண்டு அளந்தார்கள் என்பதே நம் வினா.

வாரியம் ஒரு கோல் எடுத்தது. குழந்தை ஒன்றுக்கு 500 பவுண்டு என்றது. குழந்தை சம்பாதிப்பதில்லை, ஆகவே அது மறைந்தால் வீட்டுக்கு வருவாய் இழப்பில்லை, இழப்பில்லாத இடத்தில் ஈடு எதற்குப் பெரிதாக? இதுதான் அந்தக் கணக்கின் உள்ளுறை. கூலி வாங்கும் கைக்கு விலை உண்டு. தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் கைக்கு விலை இல்லை!

உலக மக்கள் வேறு கோல் எடுத்தார்கள். நாடு பல கடந்து நன்கொடை வந்து குவிந்தது. ஏறத்தாழ 17½ லட்சம் பவுண்டு. அந்த நிதியிலிருந்து, பிள்ளையை இழந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 5,000 பவுண்டு கொடுக்க அறங்காவலர்கள் முனைந்தபோது, குறுக்கே வந்து நின்றது அறக்கொடை ஆணையம். அதன் யோசனை என்ன தெரியுமா, தோழர்களே? பணம் கொடுக்குமுன் பெற்றோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய வேண்டுமாம்! தம் பிள்ளையோடு அவர்கள் நெருக்கமாக இருந்தார்களா, அதனால் மனநோவு அடைந்திருக்கக் கூடுமா என்று கண்டறிய வேண்டுமாம்!

எதைக் காட்டுவாள் அந்தத் தாய்? சேற்றிலிருந்து எடுத்த ஒற்றைச் செருப்பைக் காட்டுவாளா? இன்னும் மடித்து வைத்திருக்கும் சின்னச் சட்டையைக் காட்டுவாளா? எத்தனை படி கண்ணீர் வடித்தால் நெருக்கம் மெய்ப்படும்? அழாத தந்தைக்கு அன்பில்லை என்று எந்த எழுத்தர் குறிப்பெழுதுவார்? நல்லவேளை, அந்த யோசனையைக் காவலர்கள் ஏற்கவில்லை. 5,000 பவுண்டு கொடுக்கப்பட்டது. ஆனாலும் அப்படி ஒரு யோசனை தோன்றிற்றே, அதுதான் நம்மை உறுத்துகிறது. தோற்றுவித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். விதிமுறை பிறழாத அலுவலர்கள். விதிமுறையிலே துயரத்துக்கு ஒரு கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை நிரப்பப் போய் இந்த இழிவிலே விழுந்தார்கள்.

மூன்றாவது கோல் இன்னும் கொடிது. எஞ்சிய கழிவு மேடுகள் ஊரின் தலைக்கு மேலே நின்றன. அவற்றைக் கண்டு கண்டு நடுங்கிய மக்கள், அகற்றுங்கள் என்று மன்றாடினர். செலவு மிகுதி என்றது வாரியம். 1968இல் அகற்ற இசைந்த அரசு, அந்தச் செலவுக்கு எங்கே கைவைத்தது? நன்கொடை நிதியிலே! 1,50,000 பவுண்டை அதிலிருந்து வாங்கிக்கொண்டது. குற்றவாளி குவித்த குப்பையை வாருவதற்கு இழவு வீட்டு உண்டியலை உடைத்த கதை இது. அந்தத் தொகை 1997இல் திரும்பி வந்தது, வட்டியில்லாமல். வேல்ஸ் அரசு 2007இல் 20 லட்சம் பவுண்டு அளித்து ஓரளவு ஈடு செய்தது. இடையே ஓடியவை 40 ஆண்டுகள்!

இது பணத்தின் வரலாறு. மனத்தின் வரலாறு என்ன?

பிழைத்த குழந்தைகள் தெருவில் விளையாடத் தயங்கினார்கள். தம்மைக் கண்டால், பிள்ளையை இழந்த பக்கத்து வீட்டுத் தாய் கலங்குவாளே என்று ஒடுங்கினார்கள். உயிரோடிருப்பதே குற்றம் என்று எண்ணும் பிஞ்சு நெஞ்சம்! 33 ஆண்டுகள் கழித்து, அன்று பிழைத்தவர்களில் 41 பேரை மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2003இல் வெளியாயிற்று. பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநோய்க்கு ஏதேனும் ஒரு காலத்தில் ஆளானவர்கள் 100க்கு 46 பேர். ஆய்வு நடந்தபோதும் அதிலிருந்து மீளாதவர்கள் 100க்கு 29 பேர். சேற்றை வாரியாகிவிட்டது, நினைவை வாரியவர் யார்?

“துயரம் நோயன்று, உற்றாரும் ஊராரும் தேற்றுவர், காலம் ஆற்றும், அரசுக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்பர். வினா தள்ளத்தக்கதன்று. துயருற்றோர் அனைவரும் மருத்துவரை நாட வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. அபர்வான் தன்னைத்தானே தேற்றிக்கொண்டது உண்மை. தாய்மார் கூடிக் கூடிப் பேசினார்கள். ஆடவர்கள் பாடற்குழு ஒன்று கண்டார்கள். பேச முடியாததைப் பாடித் தீர்த்தார்கள். ஆனால், ஊரே இழவு வீடானால் ஊரை யார் தேற்றுவது? அழுபவன் தோளில் அழுபவன் சாயலாம். இருவரும் சேர்ந்து சாய்ந்தால்?

இங்கேதான் கற்ற துணை தேவை. கணவனை இழந்த பெண்களுக்காக 1959இல் பிரிட்டனில் தோன்றிய குரூஸ் என்னும் அமைப்போடு இணைந்து உழைத்தவரும், அபர்வானுக்குச் சென்று உதவியவருமான மனநல மருத்துவர் காலின் மரே பார்க்ஸ், 1980இல் ஒரு கேள்வி எழுப்பினார்: துயராற்றும் பணியால் பயன் உண்டா? அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து விடை சொன்னார்: தேர்ந்தோர் செய்யும் பணியும், தேர்ந்தோர் துணையோடு தொண்டர்கள் செய்யும் பணியும், இழப்பின் பின் வரும் மன உடல் நோய்களின் அபாயத்தைக் குறைக்கவல்லன. அதிலும், குடும்பத் துணை அற்றவர்க்கே பயன் மிகுதி. ஆக, எல்லார்க்கும் மருந்தன்று. ஆற்றுவார் இல்லாதவர்க்குத் துணை. அந்த ஆற்றுவார் இல்லாதவர் யார்? ஏழை, தனியர், வீட்டாரால் ஒதுக்கப்பட்டவர். அவர்களுக்குத் துணையை விலைகொடுத்து வாங்க வழியில்லை. வழியற்றவர்க்கு வழி செய்வதுதானே பொதுப்பணத்தின் வேலை!

இத்தனை பட்டும் பிரிட்டன் முழுப்பாடம் கற்றதா? 2017 ஏப்ரலில், துணையை இழந்தோர்க்கான உதவி மாற்றி அமைக்கப்பட்டது. முன்பு, பிள்ளைகள் வளரும் காலமெல்லாம் தாய்க்கோ தந்தைக்கோ கிடைத்த உதவி, அதன்பின் 18 மாதத் தவணையாகச் சுருங்கிற்று. துயரத்துக்குத் தவணை! 2022இல் அறிக்கை தந்த இழப்புத்துயர் ஆணையம், முறையான துணையை நாடியும் பெறாதோர் 10இல் நால்வருக்கு மேல் என்று கண்டது.

வேல்ஸ் நாட்டுத் துயரை இங்கே ஏன் விரித்துரைக்கிறோம்? நமக்கும் ஓர் அபர்வான் உண்டு. 2004 ஜூலை 16ஆம் நாள் குடந்தையில் கூரைப் பள்ளியொன்று எரிந்தது. 94 குழந்தைகள் கருகின. வழக்கின் தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆயிற்று. அந்தக் கோலும் நம்மிடம் உண்டு. வறுமையில் வாடும் குடும்பத்துக்கு ஒன்றிய அரசின் தேசியக் குடும்ப நலத்திட்டம் ஒருமுறை 20,000 ரூபாய் தருகிறது. இறந்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இருந்த, சம்பாதித்த தலைவராக இருந்தால்! பணம் வேண்டாம் என்போமா? அடுப்பெரியப் பணம் வேண்டும். ஆனால் குழந்தையின் சாவு அந்தக் கணக்கில் ஏறாது. பணத்தோடு மனிதன் ஒருவனும் வரமாட்டான். பதினாறாம் நாள் பந்தல் பிரிகிறது. உறவினர் வண்டி ஏறுகின்றனர். அரசும் பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறது. பதினேழாம் நாள்தான் துயரம் வீட்டுக்குள் வந்து அமர்கிறது.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசித் துணையை வரவேற்கிறோம். 14416 என்ற எண்ணை மாணவர்க்கும் சொல்கிறோம். ஆனால் தொலைபேசியை எடுக்கவே கை எழாதவளிடம் யார் போவது? வழியில்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், தீராநோயாளியின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பி நோவைத் தணிக்கிறது. நோயாளி இறந்த அன்றோடு அந்த வருகை ஏன் நிற்க வேண்டும்? ஒரு திங்கள் கழித்து ஒருமுறை, ஆறு திங்கள் கழித்து ஒருமுறை, ஆண்டு நிறைவில் ஒருமுறை அதே வாசலை மிதிக்கட்டுமே! தேறியவரை வாழ்த்திவிட்டு வரட்டும்; தேறாதவரை மனநல மருத்துவரிடம் சேர்க்கட்டும். பள்ளிக்கு ஓர் ஆசிரியரேனும் இதற்குப் பயிற்சி பெறட்டும், தந்தையை இழந்து வந்து கடைசி விசுப்பலகையில் அமர்ந்திருக்கும் சிறுவனிடம் “வீட்டுப்பாடம் எங்கே?” என்பதைத் தவிர வேறு சொல்லறியாமல் நிற்கிறோமே நாம்!

இதற்கு வேண்டுவது மாளிகையன்று. வரவு செலவுத் திட்டத்திலே ஒரு வரி, பயிற்சி பெற்றவர்க்கு ஊதியம். நன்கொடையை நம்பி விட்டால் என்னாகும் என்பதற்கு அபர்வானே சான்று. உரிமையாக வருவதை எவரும் உண்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. பெறுவதற்குக் கண்ணீரைக் காட்டவும் வேண்டியதில்லை.

இளைஞர்களே! அடுத்த முறை ஊராட்சிக் கூட்டத்தில், நகர்மன்றத்தில், சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாயிலில், சாலைக்கும் விளக்குக்கும் குரல் கொடுக்கும்போது, இதையும் கேளுங்கள்: பதினேழாம் நாள் எங்கள் தெருவுக்கு யாரை அனுப்பப் போகிறீர்கள்?