யாழும் இளைப்பாறலும்

ஜொகூர் பாலத்து வாகன நெரிசலில் சிக்கியிருக்கும் மாலை வேளைகளில் மேலைநாட்டு ஹார்ப் இசையைக் கேட்பது என் வழக்கம். மன இறுக்கம் போக்கும் இசை என்னும் அடைமொழியுடனேயே அத்தகைய ஒலிப்பதிவுகள் விற்கப்படுகின்றன. அதே அடைமொழியைச் சங்ககால யாழுக்கும் சூட்டி, பண்டைத் தமிழரின் இசை மருத்துவம் எனப் பேசும் போக்கு நம்மிடையே காணப்படுகிறது. பாடல்கள் இதற்கு எவ்வளவு இடந்தருகின்றன என்பது ஆராயத்தக்கது.

யாழும் ஹார்ப்பும் ஓரினத்தன என்பதில் ஐயமில்லை. இன்றைய வீணையினின்று வேறுபட்ட கருவியாக யாழை விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வழி விரிவாக ஆராய்ந்தார். யாழை வீணை என்றே பொருளெழுதும் பழக்கம் இன்னும் முற்றிலும் அகலவில்லை என்பது வேறு செய்தி.

இசை மருத்துவம் பேசுவோர்க்கு உகந்த சான்று பொருநராற்றுப்படை. பாலை யாழின் இசை கேட்ட வழிப்பறிக் கள்வர் படைக்கலத்தைக் கைவிட்டுக் கொடுமையினின்று மாறுவர் என்கிறது அது. ஆயினும் அங்கு நிகழ்வது இளைப்பாறலன்று, மனமாற்றம்.

புறநானூறு 281 இன்னும் நுட்பமானது. புண்பட்டுக் கிடக்கும் வீரனின் இல்லத்தில் இரவமும் வேம்பும் செருகப்படுகின்றன, ஐயவி சிதறப்படுகிறது, யாழோடு பல இயங்கள் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடப்படுகிறது. அரிசில்கிழாரின் இப்பாடலை மருத்துவச் சான்றாகக் காட்டுவோர், அதில் வரும் கருத்து காத்தல் என்பதைக் கவனிப்பதில்லை. அவ்விசை கேட்டு எவரும் கண்ணயரவில்லை. பெண்கள் விழித்திருந்து காவல் புரிகின்றனர்.

நேர்மாறான சான்றும் உண்டு. புறநானூறு 144இல், இருள் சூழும் நேரத்தில் பரணர் சீறியாழில் செவ்வழிப் பண் அமைத்துப் பேகனின் நாட்டைப் பாட, அவனால் துறக்கப்பட்ட மனைவி அடக்கவியலாது அழுகிறாள். மாலைக்குரிய செவ்வழி இரங்கற்பண். அது துயரத்தைத் தணிக்கவில்லை, வெளிக்கொணர்கிறது. அவள் கண்ணீரையே பேகன்முன் வழக்காகக் கொண்டு நிறுத்துகிறார் புலவர். யாழைத் தாலாட்டுக் கருவியாக்கிவிட்டு இப்பாடலைக் கற்பித்தால், மாணவர் பெறுவது பாதிப் பாடலே.

ஆகவே யாழ் பயிலும் பாடல்களைக் கற்பிக்கையில், கேட்பவர் யார், பொழுது எது என்னும் வினாக்களை முதலில் எழுப்புதல் நலம். பண்ணுக்குரிய பொழுது மாறுவதே செய்தியாகும் அளவுக்கு அன்று அது பொருட்படுத்தப்பட்டது. நள்ளியின் கொடையால் பாணர் காலைக்குரிய மருதத்தை மாலையிலும், மாலைக்குரிய செவ்வழியைக் காலையிலும் இசைத்தனர் என்கிறது புறநானூறு 149.

இளைப்பாறலுக்கு ஒரு காட்சி தேடின், பெரும்பாணாற்றுப்படை இடையனைக் காட்டலாம். குழலூதிச் சலித்த அவன், துளையுள்ள குமிழங்கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் இசைக்கிறான். தம் சுற்றத்தின் குரலென்று கருதி வண்டுகள் கேட்கின்றன. அங்கும் அவன் வெறுமனே கேட்டிருக்கவில்லை, இசைத்தே இளைப்பாறுகிறான்.