டாடியும் தாதாவும்

ஆலன் கிளார்க்கின் 'ஸ்கம்' படத்தை வன்முறைப் படம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 1977இல் தான் தயாரித்த நாடகத்தைப் பிபிசியே ஒளிபரப்ப மறுத்தது. ராய் மின்டனின் அதே கதையைக் கிளார்க் 1979இல் திரைப்படமாக எடுத்தார். எனக்கு அது நிர்வாகம் பற்றிய படம்.

களம், இளைஞர்களுக்கான பிரிட்டிஷ் போர்ஸ்டல் சிறை. (போர்ஸ்டல் என்கிற கென்ட் கிராமத்தின் பெயர் நம் புதுக்கோட்டைப் பள்ளி வரை வந்திருக்கிறது.) இத்தனை இளைஞர்களைச் சில காவலர்கள் எப்படி அடக்குவது? உள்ளே ஒரு 'டாடி' இருந்தால் போதும். மற்றவர்களை அடித்து ஒடுக்கியவனுக்கு அங்கே அதுதான் பட்டம். கார்லின் காலுறைக்குள் ஸ்னூக்கர் பந்துகளைப் போட்டு அடித்து அந்த இடத்தைப் பிடிக்கிறான். தண்டிக்க வேண்டிய அதிகாரி அவனிடம் பேரம் பேசுகிறார்: அமைதியை நீ பார்த்துக்கொள், உனக்குத் தனி அறை. அடிப்பவனுக்கு ஏன் அப்பா என்று பெயர் என நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் 'தாதா'வும் வடக்கிலிருந்து வந்த உறவுச்சொல்தானே.

பெண்கள் இல்லாத இடத்திலும் பெண்ணுக்கு ஒதுக்கிய இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே டேவிஸ் தள்ளப்படுகிறான். அவனை மூவர் வன்புணர்வதைக் காவலர் ஒருவர் சிரித்தபடி பார்க்கிறார். இரவில் அவன் அழைப்பு மணியை அழுத்துகிறான், யாரும் வருவதில்லை. அவன் சாகிறான். இங்கேதான் படத்தோடு எனக்குச் சண்டை. டேவிஸின் துயரம் கார்லினின் கோபத்துக்கு எரிபொருளாகிவிடுகிறது. கேமராவும் டாடியின் பக்கமே போய் நிற்கிறது.

பெண்களை வேலைக்கு எடுத்தால் சிறை கனிந்துவிடும் என்பவர்கள் மேட்ரன் வரும் காட்சியைப் பார்க்கலாம். எங்களை முதல் பெயரால் அழைக்கக் கூடாதா என்று பையன்கள் கேட்கிறார்கள். அவருக்கு விதி இடம் தரவில்லை.

பழைய கதை என்று சொல்வதற்கில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டம் போர்ஸ்டலை ஒழித்தது. 2000 மார்ச்சில் ஃபெல்தம் இளைஞர் சிறையில், விடுதலையாக வேண்டிய நாளின் அதிகாலையில், 19 வயது ஜாஹித் முபாரக் இனவெறி கொண்ட சக கைதியால் அறைக்குள்ளேயே தாக்கப்பட்டார். சில நாட்களில் இறந்தார். அந்தக் கைதியைப் பற்றிய எச்சரிக்கைகள் கோப்புகளில் இருந்தன.

படத்தின் முடிவில், கலவரம் அடங்கிய பின், கண்காணிப்பாளர் பேசுகிறார். உடைந்தவற்றுக்கான செலவு கைதிகளின் கூலியில் பிடிக்கப்படும். டேவிஸுக்காகச் சிறிது நேரம் மௌனம்.