புகைவண்டிப் பெட்டியும் அகதிக் கப்பலும்: ‘லங்கா ராணி’ பற்றி ஒரு நோக்கு

வழிப்பயணத்தில் எதிர்ப்படும் அறிமுகமற்றவரோடு அரசியலும் இனமும் பற்றிப் பேசுதல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. வெங்காயத்தின் விலையிலே தொடங்கும் பேச்சு, வண்டி கொடிகாமத்தைத் தாண்டுமுன்னரே பாராளுமன்றத்தை எட்டிவிடுவதுண்டு. எனினும், இப்பேச்சு யாருக்கிடையே நிகழ்ந்தது, எம்மொழியில் நிகழ்ந்தது, எங்கே நின்றுபோயிற்று என்பன எளிதில் விடைகூறத்தக்க வினாக்கள் அல்ல. 1978இல் வெளிவந்த அருளரின் ‘லங்கா ராணி’ நாவலை இவ்வினாக்களின் பின்னணியில் வைத்து நோக்குதல் பயனுடைத்து.

1977 ஆகஸ்டில் நிகழ்ந்த இனவன்செயலின் பின்னர், தென்னிலங்கையில் வீடுவாசல் இழந்த தமிழர் பலர் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல்மூலம் அனுப்பப்பட்டனர். அக்கப்பல்களுள் ஒன்றின் பெயரே நாவலின் பெயராயிற்று. ஈரோஸ் அமைப்பின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவரான ஆசிரியர், ஒருவரையொருவர் முன்னர் அறிந்திராத மாந்தரை ஒரே தளத்தில் இருத்தி, அவர்களது அனுபவங்களையும் விவாதங்களையும் கொண்டே நாவலை வளர்த்துச் செல்கிறார். கதை நிகழ்ச்சியினும் உரையாடலே இங்கு முதன்மை பெறுகிறது.

இக்கப்பலின் பொருளை உணர்வதற்கு, அதற்கு முன்னிருந்த புகைவண்டியை நினைவுகூர்தல் வேண்டும். கொழும்புக் கோட்டைக்கும் காங்கேசன்துறைக்குமிடையே யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23ஆந் திகதியாகும். அதே ஆண்டு யூன் மாதத்தில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. வடக்கையும் தெற்கையும் ஒரு பகற்பொழுதில் இணைத்த வண்டியும், அவற்றை நெடுங்காலத்துக்குப் பிரித்த சட்டமும் ஓராண்டிலேயே பிறந்தன. எதிரெதிரே அமர்ந்த இருவர் அச்சட்டத்தைப் பற்றிப் பேச முற்பட்டால், முதலில் எழும் சிக்கல் எம்மொழியிற் பேசுவது என்பதேயாகும்.

ஆங்கிலங் கற்ற தமிழ் எழுதுவினைஞரும் சிங்கள எழுதுவினைஞரும் ஆங்கிலத்தில் உரையாடினர். தென்னிலங்கை ஊர்களிற் சுருட்டுக்கடை வைத்திருந்த யாழ்ப்பாண வணிகரும், யாழ்ப்பாணத்திற் பேக்கரி நடத்திய சிங்களவரும் கொடுக்கல் வாங்கலினூடே மற்றவர் மொழியைக் கற்றனர். 1950களிலும் 60களிலும் தாய்மொழிக் கல்வி உயர்வகுப்புகள்வரை பரவியமை சாதாரண மக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்தது; அது மறுக்கவொண்ணாத முன்னேற்றம். ஆயின், அயலவரின் மொழியைக் கற்பிக்கும் பொறுப்பை அக்கல்வி போதிய அளவு ஏற்கவில்லை. விளைவாக, ஒரே பெட்டியிற் பயணஞ்செய்த இரு பட்டதாரி இளைஞர், சுருட்டுக்கடைக்காரர் பேசிய அளவுதானும் தம்முட் பேச இயலாதவராயினர்.

தமிழருக்கிடையே நிகழ்ந்த பேச்சும் தடையற்றதாக இருக்கவில்லை. “தம்பி எவடம்?” என்ற முதற்கேள்வி அன்பின் வெளிப்பாடு மட்டுமன்று. ஊரையும் குறிச்சியையும் அறிந்து, அதன்வழி எதிரிலிருப்பவரின் சாதியை ஊகிக்கும் அளவுகோலாகவும் அது பயன்பட்டது. 1957இல் சாதிக் குறைபாடுகளைத் தண்டனைக்குரியனவாக்கும் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க்கடைகளிலே சம இருக்கை பெறுவதற்கு 1966இல் தொடங்கிய போராட்டங்கள் வேண்டியிருந்தன. இனவொடுக்குமுறையை உரத்துப் பேசிய வாய்கள் பல, இக்கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டே பேச்சைத் தொடர்வதா நிறுத்துவதா எனத் தீர்மானித்தன.

காலப்போக்கிற் பயணமே அச்சத்துக்குரியதாயிற்று. 1958 மே மாதத்திற் பொலநறுவை நிலையத்திலும், 1977 ஆகஸ்டில் அநுராதபுர நிலையத்திலும் புகைவண்டியில் வந்த தமிழர் தாக்கப்பட்டனர். 1985 சனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது, அதில் வந்த படையினரோடு பொதுமக்களும் மாண்டனர்.

இவ்வரலாற்றில் வைத்து நோக்குமிடத்து, ‘லங்கா ராணி’யின் களத்தேர்வு ஆழ்ந்த பொருளுடையது. புகைவண்டி நிலையந்தோறும் நிற்பது. ஏறுவோரும் இறங்குவோரும் பேச்சின் திசையை மாற்றிவிடுவர். கப்பலோ துறைமுகம் நீங்கியபின் எவரையும் ஏற்றுவதில்லை. அகதிகளிடையே ஊராலும் தொழிலாலும் வேறுபட்ட பலர் உளர்; அவர்களை ஒருங்கே பேசவைத்தமை நாவலின் பெருஞ்சிறப்பு. ‘எவடம்?’ என்ற அளவுகோலுக்கு அங்கு வேலையில்லை. அனைவரும் அடிபட்டவர் என்பதே முதல் அடையாளம். ஆனால், எதிர்வாதம் புரியத்தக்க சிங்களப் பயணி அவ்வட்டத்தில் இடம்பெறுவதற்கு அக்களத்தில் வாய்ப்பு அரிது. ஆதலால் விவாதம் முன்னரே வகுக்கப்பட்ட முடிவை நோக்கி நகர்கிறது. பாத்திரங்கள் சில வேளைகளிற் கருத்துகளின் குரலாக மட்டும் ஒலிக்கின்றன.

இதனை ஆசிரியரின் குறையென்று மட்டும் கூறி ஒதுக்குதல் நீதியாகாது. உடுத்த உடையோடு உயிர்தப்பி வந்தவர், தம்மைத் தாக்கிய சமூகத்துக்குத் தம் நியாயத்தைப் பொறுமையோடு விளக்க வேண்டுமென எதிர்பார்ப்பது கொடுமை. 1977இன் கப்பலில் வேறெவ்வகைப் பேச்சும் இயல்பாக இருந்திராது. அவ்வகையில் நாவல் தன் காலத்துக்கு உண்மையாகவே நடந்துகொண்டுள்ளது. குறை, அக்கப்பற் பேச்சையே இனப்பிரச்சினை பற்றிய பேச்சின் முழு வடிவமாகக் கொண்ட பிற்கால வாசகரிடத்திலும் எழுத்தாளரிடத்திலும் உள்ளது. தம்மவர் நடுவே பேசி ஒருமைப்படுதல் ஒரு தேவை. தம்மவரல்லாதாரின் முகத்துக்கு நேரே அதனைச் சொல்லி மறுமொழி கேட்டல் மற்றொரு தேவை. முதலாவதற்கு வலுவான எடுத்துக்காட்டாக ‘லங்கா ராணி’ நிற்கிறது. இரண்டாவது, கூடுதலான துணிவையும் கூடுதலான மொழியறிவையும் வேண்டுவது.

1990இல் நின்றுபோன வடபகுதிச் சேவை, 2014 ஒக்டோபர் 13இல் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. நயினாதீவு நாகவிகாரைக்குச் செல்லும் சிங்களக் குடும்பமும், கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் தமிழ் மாணவனும் எதிரெதிரே அமரும் வாய்ப்பு அதனால் மறுபடி உண்டாயிற்று. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் அவ்விருவருக்குமிடையே உள்ள மௌனத்தைச் சட்டத்தால் மட்டும் நீக்கவியலாது. “எங்கே போகிறீர்கள்?” என்று மற்றவர் மொழியிற் கேட்கவும், 1958இலும் 1977இலும் புகைவண்டிப் பாதைகளில் நிகழ்ந்தவற்றைப் பகையின்றியும் மறைப்பின்றியும் சொல்லவும் வல்ல ஒரு தலைமுறை தோன்றுமாயின், அவர்களது பேச்சிலிருந்து புதியதொரு நாவல் பிறக்கலாம். அதற்குரிய களம் கப்பலாக இராது; நிலையந்தோறும் நின்று செல்லும் புகைவண்டியாகவே இருக்கும்.